பதினேழாம் நம்பர்

கடை சின்னது. ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்து.
நாற்பத்தொரு சைக்கிள், ஒரு காற்றுப் பம்ப்,
சுவரில் ஆணிக்கு இரண்டாய்ச் சாவிகள்.
நாள் வாடகை பன்னிரண்டு யூரோ.
கைப் பிரேக் கிடையாது, பின்னோக்கி மிதியுங்கள், நிற்கும்
என்று ஒரு நாளில் முப்பது தடவை சொல்கிறேன்.
முப்பது பேரும் தலையாட்டுகிறார்கள்.
முதல் வளைவில் விரல்களைத்தான் இறுக்குகிறார்கள்,
ஒன்றுமே இல்லாத இடத்தில்.

ஸுட்ஃபன் பார்க்க வருகிறவர்களிடம்
எங்கே போனீர்கள் என்று நான் கேட்பதில்லை.
சக்கரம் சொல்லிவிடும்.
டயர் இடுக்கில் செங்கல் தூள் என்றால் பழைய மதிலோரம்.
காட்டுவாத்தின் எச்சம் என்றால் ஐசெல் ஆற்றங்கரை.
இருக்கையில் லிண்டன் மரத்துப் பிசின் என்றால்
அடியில் நிறுத்திவிட்டு
யாரோ இருவர் வெகுநேரம் பேசியிருக்கிறார்கள்.
எதுவும் ஒட்டாமல் திரும்புகிற சைக்கிளும் உண்டு.
காபிக்கடை வாசல்வரை, அவ்வளவுதான்.
வாடகை அதற்கும் அதேதான்.

டெல்ஃபிம் என்று கையெழுத்துப் போட்டவர்
போர்ச்சுகலிலிருந்து வந்தவர். குள்ளம்.
பதினேழின் இருக்கையை அடிமட்டம்வரை இறக்கிக் கொடுத்தேன்.
ஆறு மணிக்குள், என்றேன்.
ஆறே முக்காலுக்குச் சந்தில் நுழைந்தார்,
பூட்டிய பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கி
முன்சக்கரத்தை உருட்டியபடி,
அடம்பிடிக்கும் கன்றை
வாலைப் பிடித்து நடத்துகிறவர் மாதிரி.

சாவி தொலைந்துவிட்டது.

ஊர் முழுக்க இப்படியே வந்தேன், என்றார்.
பெர்க்கல் பாலத்தில் ஒரு பெண்மணி வழிமறித்து
இது உங்களுடையதுதானா என்று கேட்டாராம்.
இல்லை என்று இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.
அதை விளக்கிமுடிக்கக் கொஞ்ச நேரமாயிற்றாம்.
பிறகு அந்த ஹெண்ட்ரிக்யேவே
பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு
மீன்கடைவரை வந்திருக்கிறார்.
கீழே சத்தமில்லாத மின்படகில் போனவர்கள்
கோபுரத்தை விட்டுவிட்டு
இவர்கள் இரண்டு பேரையும் படம் பிடித்தார்களாம்.

மணிக்குக் கீழே ஒட்டியிருந்த என் போன் நம்பரைக் காட்டினேன்.
ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியைக் காட்டினேன்.
அவர் சிரித்த சிரிப்பில்
பக்கத்து சலூனிலிருந்து வீட்சே
கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தான்.

அவர் போனபிறகு டயரைப் படித்தேன்.
முன்னதில் எல்லாம் இருந்தது,
மீன் செதில் ஒன்று உட்பட.
பின்னது தேவாலயத்தோடு முடிந்திருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு கவர் வந்தது.
உள்ளே சாவி, நான்கு வரி.
நூலகத் தரையில் கிடந்ததாம்,
பிசாசின் காலடி என்று சொல்வார்களே,
அந்த ஓட்டுக்குப் பக்கத்தில்.
அங்கே புத்தகங்களை மேசையோடு
சங்கிலியில் பூட்டி வைத்திருப்பார்கள்,
நானூற்றுச் சொச்சம் வருஷமாக.
பூட்டுகளையே பார்த்து நின்றிருப்பார் மனிதர்.
சட்டைப்பை நழுவவிட்டதைக் கவனித்திருக்க மாட்டார்.
நான் பார்த்தது பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது.
எந்தப் பிசாசு, எத்தனை கால், ஞாபகமில்லை.
அன்று என் கவலையெல்லாம் டிஃபன் பெட்டியில்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை.
திரும்பி வந்த சாவியால் பதினேழைத் திறந்தேன்.
இருக்கை அவர் உயரத்திலேயே இருந்தது.
ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை.
முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடிக்க
கோதுமை ஏற்றிய கழுதைபோல
சந்தை வழியாகப் போனேன்.
தேவாலயத்துக் கதவு சாத்தியிருந்தது.
அவர்களுக்கும் திங்கள்தான் விடுமுறை.

சுற்றுச்சுவரில் சாய்ந்து நின்றேன்.
பின்னால் மாட்டியிருந்த நம்பர் தகட்டைப் பார்த்துவிட்டு
நாயோடு வந்த ஒருவர்
நிறுத்தி நிதானமாக, ஆங்கிலத்தில்,
ஆற்றுக்கு எப்படிப் போவது என்று
எனக்கு வழி சொன்னார்.
நான் பிறந்த தெருவைக் கைநீட்டிக் காட்டி
அது அழகான தெரு, தவறவிடாதீர்கள் என்றார்.

ஆங்கிலத்திலேயே நன்றி சொல்லிவிட்டு
அவர் காட்டிய பக்கமாக மிதித்தேன்.