பால் தெளித்தல்

பெருங்குடியில், சதுப்பின் ஓரம், ஒரு குழி.
இரண்டேகால் மீட்டர் கனத்தில் ராஃப்ட்.
வரைபடத்தில் அது ஒரே கல்.
'இடையில் நிறுத்தல் இல்லை' என்று
பெட்டி கட்டி எழுதியிருந்தது.

வரைபடத்துக்கு வேளச்சேரி தெரியாது.

இரவு பத்துக்கு மேல்தான் லாரிகள் வரலாம்.
நாற்பத்தொரு நடை கணக்கு.
பதினேழாவது கொட்டித் திரும்பியபோது
புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது.
பதினெட்டாவது, விஜயநகர் முனையில்
பழுதாகிப் படுத்த தண்ணீர் லாரிக்குப் பின்னால்
வயிற்றைச் சுழற்றியபடி நின்றது.
டிரைவர் போனில் சொன்னான்:
"மேடம், உள்ள சரக்கு முனக ஆரம்பிச்சிடுச்சு."

இங்கே கம்பிக்காட்டுக்குள்
சாம்பல் பரப்பின் மினுக்கம் மங்கியது.
சனாதன் வைப்ரேட்டர் ஊசியைச் செங்குத்தாக விட்டான்.
தன் எடையிலேயே இறங்கினால்
இன்னும் சேர்த்துக்கொள்ளும்.
ஒரு மணிக்கு முழங்கை ஆழம்.
இரண்டு மணிக்கு ஒரு சாண்.
இரண்டு நாற்பதுக்கு
சுண்டுவிரல் அளவு போய்
அங்கேயே நின்று அதிர்ந்தது.
ஒடியாவில் ஏதோ சொன்னான்.
மொழி தெரியாமலே புரிந்தது.

மூன்று பத்துக்கு வந்த லாரியைத்
திருப்பி அனுப்பினேன்.
ஆறு கன மீட்டர்.
முதலாளியின் பணம், என் கையெழுத்து.

மூன்றாம் நாள் பார்த்தால்
சவரம் செய்த முகம்போல வழவழப்பு.
அழகாக இருந்தது; அதுதான் கோளாறு.
மிதந்து வந்து மேலே படிந்த அந்த வெளுப்பு
எதையும் பிடிக்காது.
நகத்தால் சுரண்டினால் மாவு.
எட்டுப் பேர் கம்பிகளுக்கு நடுவே குந்தி
கொத்தினார்கள்,
ஜல்லி முகம் காட்டும்வரை.
முகம் போதும்;
உடையக் கூடாது, ஆட்டம் காணக் கூடாது.
கம்ப்ரசர் ஊதியதில் பறந்தவை
ஒரு பீடித் துண்டு, குட்கா உறைகள்,
பாதிச் செருப்புத்தடம் பதிந்த ஒரு சில்லு.
சில்லை எபினேசர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
ஏன் என்று கேட்கவில்லை.

ஈரச் சாக்கு போர்த்தினோம்.
இரவெல்லாம் குடித்தது.
பழையது தாகமாக இருந்தால்
புதியதன் நீரைப் பிடுங்கிவிடும்.
தேங்கி நின்றாலோ
தண்ணீரே நடுவில் படுத்துக்கொள்ளும்.
குடித்திருக்கணும், சொட்டக் கூடாது.
பள்ளங்களில் நின்றதைக்
கிழிந்த லுங்கியால் ஒற்றி எடுத்தோம்.

அப்போது தணிகாசலம் வாளியோடு வந்தார்,
மோர்ப் பதத்தில் சிமெண்டைக் கரைத்து.
"பழசு மேல பால் தெளிக்கணும் மேடம்,
அப்பதான் ஒட்டும்."
சொல்லிவிட்டு அவரே வாயில் கை வைத்துக்கொண்டார்.
மறுநாள் எங்கே போய்ப் பால் தெளிப்பார்கள் என்று
அந்தக் குழியில் தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.
யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.
சனாதன் என்னவென்று கேட்டான்;
யாராலும் மொழிபெயர்க்க முடியவில்லை.

பால் வேண்டாம் என்றேன்.
இந்த வெயிலில், லாரி வருமுன் காய்ந்துவிடும்.
காய்ந்த பால் பசையில்லை, இன்னொரு தோல்.
கொத்திய இடம் போதும்,
துளைத்து நட்ட கம்பிகள் போதும்.
தணிகாசலத்துக்கு மனசே இல்லை.
வாளியைக் கொண்டுபோய்
வாட்ச்மேன் அறையின் உடைந்த படியைப் பூசினார்.
அன்றிரவு மழை இல்லை.
லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன,
ஒன்றுமே நடக்காததுபோல.

இருபத்தெட்டாம் நாள்
சந்தின் குறுக்கே துளைத்து ஓர் உருளை எடுத்தோம்.
ஆலோசகர் வேங்கடவரதன்
கண்ணாடியைக் கழற்றி, மாட்டி,
உருளையை நனைத்துக் கோட்டைத் தேடினார்.
கோடு இருந்தது,
சற்றே கோணலாக,
மேலே ஒரு சாம்பல், கீழே ஒரு சாம்பல்.

ஆய்வுக்கூடத்தில் பிடித்து இழுத்தார்கள்.
உடைந்தது:
கோட்டுக்கு நாலு விரல் கீழே,
முதல் ராத்திரி வார்ப்பில்,
ஒருவரும் சந்தேகப்படாத இடத்தில்.

பாதி உருளை இப்போது என் மேஜையில்,
ஃபேன் காற்றில் வரைபடம் பறக்காமல்.
பெட்டிக்குள் அந்த வாசகம் அப்படியே இருக்கிறது.
அதன்மேல் சிவப்பு மையில்
விட்டுவிட்டு ஒரு கோடு போட்டேன்,
பக்கத்தில் தேதி.
இரண்டு நாற்பது.