கீழே இருக்கும் கை

பங்குனியோடு கொள்முதல் நிலையத்தைப் பூட்டினார்கள்.
கடைசிச் சிப்பம் லாரி ஏறிய மறுஞாயிறு
கூத்தாநல்லூர் பஸ் பிடித்தேன், ஆரி படிக்க.
பாலத்தைக் கடக்கையில்
வெண்ணாற்றில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

உரக்கடை மாடி. ஏழு பேர், நாலு சட்டம்.
சொல்லித்தரும் ஷப்ரீனுக்கு வயது இருபத்துமூன்று.
எனக்கு நாற்பத்தாறு.
பட்டியல் எழுத்தர் என்பதால் குறிப்பிடுகிறேன்:
சரியாக இரண்டு மடங்கு.
சாதாரணமாக 'அக்கா' என்பாள்.
தப்பு செய்தால் 'மேடம்'.

சட்டத்தில் கட்டிய துணியைச் சுண்டிப் பார்ப்பாள்.
கஞ்சிரா போல் ஒலித்தால்தான் உட்கார விடுவாள்.
ஊசி முனையில் எறும்பின் தாடையளவு கொக்கி.
குத்து, நூலைச் சுற்று, பாதி திருப்பு, இழு.
பாதி திருப்ப மறந்தால்
வட்டிக்குக் கொடுத்தவன் சட்டையைப் பிடிப்பதுபோல்
துணியைப் பிடித்துக்கொள்ளும்.
சித்திரை முழுக்க எனக்கு மறந்தது.

ஆனியில் மணி.
"இங்க எல்லாரும் மேலருந்து வைப்பாங்க.
எக்ஸ்போர்ட் கம்பெனியில நான் கத்தது வேற,
ஃபாரின் கவுனுக்கெல்லாம் இதான்" என்று
ஆர்கன்சாவைக் கவிழ்த்துக் கட்டினாள்.
நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்.
நூலில் கோத்த மணிகள் கீழே காத்திருக்கும்.
இடது கை அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ள
வலது கை மேலிருந்து பூட்டும்.
கண்ணுக்குக் கிடைப்பது
வெறும் சங்கிலித் தையல்.

ஈரப்பதம் பதினேழு, சிப்பம் நாற்பது கிலோ,
பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போட்டவளில்லை நான்.
ஐந்து மணிக்கு ஒருமுறை
(கடிகார மணி இல்லை)
குனிந்து சட்டத்துக்கு அடியில் பார்த்தேன்.
கழுத்து பிடித்துக்கொண்டது.

அந்த வாரம்தான் ஆற்றில் தண்ணீர் வந்தது.
பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தது.
ஒரு ஸ்டம்பு மிதந்து போனது.

முதல் ஆர்டர்: கல்யாண பிளவுஸின் கை.
வெள்ளை மணியில் ஒரு மாங்காய், அறுநூற்றுப் பன்னிரண்டு.
முடித்துத் துணியைத் திருப்பினேன்.
நான் செய்தது என்று தோன்றவில்லை,
யாருடையதையோ எடுத்து வந்துவிட்டதுபோல் பயம்.
ஓரத்தில் ஓர் இழை தொங்கியது.
தொங்குவது எழுத்தருக்குப் பிடிக்காது.
இழுத்தேன்.

ரேஷன் அரிசி மூட்டை பிரித்தவர்களுக்குத் தெரியும்:
சரியான நூல் சிக்கினால்
ஒரே இழுப்பில் வாய் முழுக்கத் திறக்கும்.
அதே தையல்.
இருபது வருடம் சாக்குகளுக்கு நடுவில் இருந்தவள்
அதை அப்போதுதான் அடையாளம் கண்டேன்,
மாங்காய் காம்பு வரை சரிந்த பிறகு.

"மேடம்," என்றாள் ஷப்ரீன். அவ்வளவுதான்.
டீ வடிகட்டியோடு தரையில் உட்கார்ந்தாள்.
செல்போன் வெளிச்சத்தில் ஏழு பேரும் தவழ்ந்தோம்.
கடை மூட்டையில் சிந்திய யூரியா குருணையும் வெள்ளை,
மணியும் வெள்ளை.
நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்ற பிரிஸ்காவின் கையை
நான் தட்டிவிட்டேன்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று கிடைத்தன.
மீதி இருபத்தொன்று
யார் வயலுக்குப் போயினவோ.

இரண்டாம் முறை குனியவில்லை.
கழுத்துவலி என்றும் வைத்துக்கொள்ளலாம்.
கடைசிக் கண்ணியில் மூன்று முறை முடி போட்டேன்.
"ஒண்ணு போதும்க்கா" என்றாள்.

புரட்டாசி. மறுபடி மேஜை, குறுவை நெல்.
காத்தமுத்து சாக்கு வாயைத் தைக்கிறார்.
வலது கை பட்டியல் எழுதுகிறது.
இடது கை மேஜைக்குக் கீழே
எதையோ ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது.
இந்த ஆபீஸில்
மேஜைக்கடியில் கை போனால் வேறு அர்த்தம்.
"கையில் என்னம்மா?" என்றார் ஆய்வுக்கு வந்தவர்.
விரித்துக் காட்டினேன்.
கட்டைவிரலில் ஒரு காய்ப்பு.
அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.