பதினெட்டங்குலம்

முக்காலி தேடி மாங்குளச் சந்தியால் திரும்புகிற வேலை
யாருக்குச் சொன்னாலும் சிரிப்பு.
கொழும்பில் ஓர் அம்மணி படம் அனுப்புவா:
கால் விரிந்து நிற்க வேணும்,
வார்னிஷ் கூடாது, கறை இருந்தால் நல்லது,
ஐம்பதுகளில் செய்ததென்றால் விலை பேசத் தேவையில்லை.
பட்டா லொறியில் நானும் கயிறும்
மாற்றிக் கொடுக்க ஆறு பிளாஸ்ரிக் கதிரையும்.

முதலில் எனக்கும் அது பலகைதான்.
பிறகு பிடித்துக்கொண்டது.
முதுகு இல்லை, கை இல்லை,
முன்பக்கம் என்று ஒன்றே இல்லை.
எந்தத் திசையால் வந்தும் இருக்கலாம்,
எந்தத் திசையாலும் எழும்பிப் போகலாம்.
கதிரை ஆளைப் பிடித்து வைக்கும்.
இது, வந்தியா, இரு,
உன் முதுகை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடும்.
தச்சன் கால்களைக் கொஞ்சம் வெளியே சரித்திருப்பான்,
கன்றுக்குட்டி முதல்முதல் நிற்கிற மாதிரி.
அந்தச் சரிவைத் தடவத் தொடங்கினால்
அன்றைக்குச் சாப்பாடு பிந்தும்.

ஒட்டுசுட்டான் வீதியில் ரியூப் ஒட்டுகிற கடை.
தவமலர் இருந்தா, ஒரு காலை நீட்டியபடி.
அவவுக்குக் கீழே நான் நாலு மாதம் தேடியது:
முதிரைப் பலகை, மூன்று கால்,
நடுவில் குழி,
குழி கொஞ்சம் இடப்பக்கம்.
எழும்புங்கோ அக்கா என்று எப்படிக் கேட்பது?

கேட்டேன். எழும்பினா.
நீட்டிய கால் மடங்கவில்லை,
டக்கென்று ஒரு சத்தம், நேராய் நின்றா.
கவிழ்த்துப் பார்த்தேன்:
வெள்ளைப் பெயின்றில் 57.
பக்கத்தில் பென்சிலால் யாரோ கூட்டிய கணக்கு,
விடை பிழை, மேலே கொண்டுபோன ஒன்றை மறந்திருக்கிறார்.
பாதங்களில் ரயர் றப்பர், ஆணி அடித்து,
ஒரு காலுக்கு மட்டும் இரட்டையாக.

"ஆற்றை அக்கா?"
"தெரியாது. முகாமாலை திரும்பி வரேக்கை
கிணத்துக் கட்டோடை கிடந்தது.
ஆரும் தேடி வருவினம் எண்டு
ரெண்டு வருசம் நான் அதிலை இருக்கேல்லை.
பிறகு இருந்தன்."

"ரெண்டு பிளாஸ்ரிக் கதிரை தாறன், ஒன்பதாயிரமும்."
"அதிலை இருந்தா என்னாலை எழும்பேலாது தம்பி.
இது பதினெட்டங்குலம்.
அரை அங்குலம் குறைஞ்சாலும் இந்தக் கால் கேளாது.
கொழும்பிலை அவ என்னத்துக்கு? இருக்கவோ?"
"பாக்க."
"பாக்கவோ!"
நன்றாகச் சிரித்தா.
சிரித்து முடிய, "இருபத்தையாயிரம்" என்றா.
"அந்தக் காசுக்கு மரக்காலையிலை
இதே உயரத்திலை ரெண்டு அடிப்பிப்பன்.
ஒண்டு வாற ஆக்களுக்கு."

இருபத்திரண்டில் முடிந்தது.
எண்ணி மடித்து வைத்துவிட்டு
ரயர் கழற்றும் கம்பியால்
றப்பர் எல்லாவற்றையும் நெம்பி எடுத்துக்கொண்டா.
"இது என்ரை.
மற்றது ஆற்றையோ."

கிழமை கழித்துப் படம் வந்தது.
மாபிள் தரை, நல்ல வெளிச்சம்,
முக்காலியின் மேல் ஒரு பூச்சாடி.
அம்மணி எழுதியிருந்தா:
அழகு, ஆனால் ஒரு பக்கம் சற்றுச் சரிகிறதே, ஏன்?

மூன்று கால் ஆடாது அம்மா, சரியும்,
என்று எழுதினேன்.
பூச்சாடியை இறக்கிவிட்டு
ஒருக்கால் நீங்கள் இருந்து பாருங்கோ.

இரண்டு கோடும் நீலமாகிவிட்டன.
பதில் இல்லை.