குறிப்புரைக்கான இடம்

படிவம் ஏழு. மூன்று நகல்.
முதல் ரவைக்கு முன்பே
கார்பன் தாள் என் கட்டைவிரலைக் கறுப்பாக்கிவிட்டது.

பொருள்: கைத்துப்பாக்கி, ஒன்பது எம்.எம்.,
முழு அளவு, பாலிமர் உடல், மேகஸினுக்குப் பதினேழு.
சோதிப்பவர்: அமலோற்பவம், உதவி ஆய்வாளர், ஆயுதப்படை.
இடம்: கீழ்வேளூருக்குக் கிழக்கே
தூர்வாரிய மண்ணைக் கொட்டிய மேடு.
மேட்டுக்கு அப்பால் கருவைக்காடு. வலப்பக்கம் நடவு.

கனம்?
தோட்டா இல்லாமல் அறுநூற்று ஐம்பது கிராம்.
பதினோரு வருஷம் இடுப்பில் தொங்கிய ரிவால்வர்
என்னை ஒரு பக்கம் சாய்த்தே நடக்க வைத்தது.
கோயிலில் முழந்தாளிடும்போதும்
இல்லாத கனத்துக்கு வலது தோள் தாழும்.
இது இருப்பதே தெரியவில்லை.
'நன்று' என்று எழுதினேன். பிறகு பேனாவை
அந்தச் சொல்லின் மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

துரு?
"பாலிமர், மேடம்" என்றார் கம்பெனிக்காரர் தினகர்,
சட்டை மடிப்புக் கலையாமல் குடைக்குள் நின்று.
எங்கள் உப்புக்காற்று
ரேஷன் கடை ஷட்டரைத் தின்றது,
பஸ் ஸ்டாண்டு நாற்காலியைத் தின்றது,
அப்பாவின் கல்லறைச் சிலுவையில் பெயர் வரைக்கும் வந்திருக்கிறது.
ஸ்லைடும் குழலும் இரும்புதானே என்றேன்.
"பூச்சு இருக்கு, மேடம்."
காற்றுக்கும் அவகாசம் இருக்கிறது.

பிடி?
முதுகுப் பட்டை மூன்று அளவில் வருகிறது.
சின்னதைப் பூட்டியும்
ட்ரிக்கருக்கு என் விரல் நுனிதான் போய்ச் சேர்ந்தது.
முழு அளவு என்றால் யாருடைய கை என்று
படிவம் சொல்லவில்லை.
எழுதினேன்: எட்டுகிறது. எட்டி எட்டித்தான்.

சேறு?
வாய்க்கால் ஓரத்துக் களியில் போட்டு
ஏட்டு வைரக்கண்ணு தழை மிதிப்பதுபோல் மிதித்தார்.
எடுத்து ஒரு உதறு உதறிச் சுட்டேன்.
சுட்டது. பதினேழும் சுட்டது.
இந்த மண்ணில் டிராக்டர் சிக்கும், கலெக்டர் ஜீப் சிக்கும்,
தேர்தல் பெட்டி ஏற்றிய லாரி சிக்கி
நானே தள்ளியிருக்கிறேன்.
தடங்கல்: இல்லை.

முதல் மேகஸினுக்குக் கொக்கெல்லாம் எழுந்தன.
நான்காவதற்குப் பாதி.
ஒன்பதாவதற்கு ஒன்றுகூட எழவில்லை.
இதற்குக் கட்டம் இல்லை.

இருநூறு சுட்டோம்.
காலித் தோட்டா நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ஒன்று குறைந்தாலும் விசாரணை.
ஆறு பேர் முட்டி போட்டு வரப்பைத் தடவினோம்.
தினகரும் இறங்கினார், மடிப்பு போயிற்று.
கடைசியில் நடவு வரிசையிலிருந்து பவுனம்மா
காலைத் தூக்கிப் பார்த்தாள்:
விரலிடுக்கில் பித்தளை.
முந்தானையில் துடைத்து உதட்டில் வைத்து ஊதினாள்.
கீச்சென்று ஒரு விசில். வரிசையே சிரித்தது.
"இன்னொண்ணு இருந்தா குடேன், பையன் ஊதுவான்."
இல்லையே என்றேன்,
கையில் முக்கால் பை கனக்க.

உறை?
ஒரு விரலால் அழுத்தினால் போதும், கைக்கு வந்துவிடுகிறது.
ஸ்டாப்வாட்ச்: ஒன்றேகால் நொடி.

போன குறுவையில் மதகடியில் இரண்டு ஊர் நின்றது.
கடப்பாரையோடு ஒருவன் முன்னால் வந்தான்.
என் கை இடுப்புக்குப் போனது.
மழையில் ஊறிய தோல் உறை,
பொத்தான் கழலவே இல்லை. நகம் பிய்ந்தது.
நான் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து
கடப்பாரைக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அப்புறம் எனக்கும்.
அப்புறம் யாரோ மதகைப் பாதி திறந்தார்கள்.

பரிந்துரை: வாங்கலாம்.
குறிப்புரைக்கு ஒன்றரை வரி இடம்.
'உறையை மட்டும் தோலில் தைத்துத் தரவும்.
பொத்தானோடு.'

காரணம் கேட்டு மேலிடத்துக் கடிதம் வரும். வரட்டும்.
மூன்றாம் நகலில் கார்பன் சரியாக விழவில்லை.
கடைசி வரியில்
பொத்தான் மட்டும் தெரிகிறது.