செக்கிங் நாள்

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேர் வாசிப்பார்கள்.
முகாம் ஆபீஸ் முன்னால், கருவேல நிழலில்,
ஆள் நின்றால்தான் பணக்கொடை.
தம்பியை நான்தான் நிறுத்திப் பிடித்திருந்தேன்.
பங்குனி வெயிலில் அவனுக்குப் பல் கிட்டியது.
"டிலக்சன்."
"இருக்கேன் சார்" என்றது என் வாய்.
எழுதியவர் நிமிரவில்லை.

ஐஸ் என்றால் முன்பெல்லாம்
மண்டபம் கம்பெனியில் அறுக்கிற பாளம்.
உடைத்துப் படகில் இறக்கினால் நாளுக்கு எழுநூறு.
சட்டைக்குள் உருகி ஓடும்,
கூச்சத்தில் சிரித்துக்கொண்டே சுமப்பான்.

இந்த ஐஸ் உருகவில்லை.
உப்புப் பரல் மாதிரி ஒரு சிட்டிகை,
உடைத்த பல்பின் கண்ணாடியில் புகைந்தது.
நாலு ராத்திரி தூங்காமல்
வலையின் கண்களை எண்ணினான்.
தப்பில்லாமல் எண்ணினான்,
அதுதான் பயமாக இருந்தது.

இங்கிருந்து அக்கரைக்குப் போகிற சரக்கு.
போகிற வழியில் கொஞ்சம் சிந்தும்.
அதற்கு யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை
என்று எழுத ஆசை. பொய்.
கேட்கிறார்கள், பிடிக்கிறார்கள்,
மூட்டைகளை அடுக்கி வைத்துப் பின்னால் நின்று
போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.
சிந்தினதுக்குத்தான் போட்டோ இல்லை.

நான் ஸ்டேஷன் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன்.
ஊர்க்காரர்களின் வாக்காளர் அட்டைக்கு லேமினேஷன்.
சூடான பிளாஸ்டிக் வாசனை சோற்றிலும் வரும்.
கடையில் பேசுவேன், வீட்டில் கதைப்பேன்;
முப்பது வருஷத்தில் இரண்டும் கலந்துவிட்டது.

என்னைச் சட்டவிரோதக் குடியேறி என்கிறது காகிதம்.
அம்மா தலைமன்னாரில் படகேறினாள், சரி.
நான் பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில்.
அவள் வயிற்றிலிருந்து கட்டில் விரிப்புக்கு
ஒரு முழம்.
நான் கடந்த எல்லை அவ்வளவுதான்.

காகிதம் இருந்திருந்தால்
தம்பி அதைத் தொட்டிருக்க மாட்டான் என்று
நான் சொல்ல வரவில்லை.
தங்கச்சிமடம் பிரிட்டோவுக்கு எல்லாக் காகிதமும் உண்டு,
ரேஷன் கார்டில் சர்க்கரையும் உண்டு.
அவனும்தான் இழுத்தான்.
ஒரே பொட்டலம். ஒரே ஸ்டேஷன். ஒரே செக்‌ஷன்.
ஜாமீனும் ஒரே நாள்.
பிரிட்டோ அன்று சாயங்காலம் அவன் வீட்டில்
நண்டுக் குழம்பு சாப்பிட்டான்.
தம்பியை ஜெயில் வாசலிலேயே வேனில் ஏற்றி
திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.
அதில் என்ன சிறப்பு என்று
கேட்ட அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

குடியுரிமைக்குப் படிவம் நிரப்பித் தரும் வக்கீல்
"நல்ல பிள்ளைகள் கேஸை முதலில் கொண்டுபோவோம்" என்றார்,
பி.இ. படித்தவள், கபடியில் கோப்பை வாங்கியவன்.
அவர் கணக்கு அவருக்கு.
நான் கேட்பது கோப்பை வாங்காதவனுக்கும் சேர்த்து.
பிரிட்டோவிடம் நன்னடத்தைச் சான்று வாங்கிக்கொண்டா
அவன் அம்மா பெற்றாள்?
ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில்
நடுங்குகிறவனுக்கு ஒரு கட்டில்,
கட்டிலிலிருந்து எழுந்தால்
போக ஒரு முகவரி.
ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்காதீர்கள்.

இதையெல்லாம் நியாயமாகத்தான் எழுதுகிறேன்.
ஆனால் ஸ்டேஷனுக்குப் போன் போட்டது நான்.
அம்மாவின் தோட்டை அவன் கழற்றிய இரவு.
காது கிழிந்திருந்தது. அவள் அழக்கூட இல்லை,
"விடு, அவன்ர கை நடுங்கினதாலதான்" என்றாள்.
பிடித்து நாலு நாள் உள்ளே வைப்பார்கள்,
தெளிந்து வருவான் என்று நினைத்தேன்.
சட்டத்தை லேமினேஷன் போடுகிறவளுக்கு
சட்டம் தெரியவில்லை.

நேற்றும் செக்கிங்.
அவன் பேர் மேல் சிவப்புக் கோடு.
அதைத் தாண்டி என் பேர் வாசித்தார்கள்.

ராத்திரி போன் வந்தது திருச்சியிலிருந்து.
பின்னால் யாரோ கேரம் ஆடும் சத்தம்.
"அக்கா, இப்ப நித்திரை வருது" என்றான்.
"நல்லா வருது."

நான் பேசவும் இல்லை, கதைக்கவும் இல்லை.