விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

செவ்வாய், வியாழன் மட்டும்.
மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை.
டெண்ட்ரப் கவுண்ட்டியின் பழைய கைதுப் பதிவுகள்
வாரத்தில் அந்த ஆறு மணி நேரம்தான் கண் திறக்கும்.
மற்ற நேரம் டிரூடி பாஷ்
மேல்மாடியில் லாரிகளுக்கு நம்பர் தகடு கொடுக்கிறாள்.

முதலில் எங்கள் கவுண்ட்டியில்தான் கேட்டேன்.
ஷெரிப் அலுவலகத்துப் பையன் கணினியைத் தட்டிவிட்டு
தொண்ணூற்று நாலுக்கு முந்தியது எதுவும் இல்லை என்றான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"கிட்டல்சனா? அந்தத் தீ..."
தீ எரிந்தபோது
அவன் பிறந்திருக்கவே இல்லை.

எண்பத்தொன்று, நவம்பர்.
கூட்டுறவுத் தானியக் கிடங்கு
இரவு இரண்டு மணிக்குப் பற்றிக்கொண்டது.
கோதுமை மூன்று நாள் புகைந்தது.
எடையில் திருடுகிறார்கள் என்று
முந்தின வாரம் எல்லார் முன்னாலும் கத்தியவர் அப்பா.
வழக்கு வரவில்லை.
வாய்தான் வந்தது.
வாய்க்கு எந்தக் கோர்ட்டில் ஜாமீன் வாங்குவது?

"வீட்டில்தான் இருந்தார், என் பக்கத்தில் தூங்கினார்"
என்றாள் அம்மா,
கேட்டவர்களிடம்,
கேட்காதவர்களிடமும்.
பெண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்றது ஊர்.
விதைக் கடன் நின்றது.
ஞாயிறுதோறும் அப்பா காணிக்கைத் தட்டோடு வரும்போது
சிலர் காசை உயரத்திலிருந்து போட்டார்கள்,
சத்தம் கேட்கட்டும் என்று.

போன வசந்தத்தில் அம்மா போனாள்.
அவளுடைய சமையல் குறிப்புத் தகரப் பெட்டியில்
ருபார்ப் பை அட்டைக்குப் பின்னால்
நாலாக மடித்த ரசீது:
டெண்ட்ரப் கவுண்ட்டி, அபராதம், முப்பது டாலர்.
பெயர் இல்லை. தேதி இருந்தது.
அடுப்படியில் நின்றபடி
அந்தத் தேதியை நான்கு முறை படித்தேன்.

அறுபத்தெட்டு மைல்.
வழியில் ஒரே ஒரு பெட்ரோல் பங்க், அதுவும் மூடியிருந்தது.

நிலவறையில் பழைய சிறை இன்னும் இருக்கிறது,
உள்ளே கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்களும்
ஒரு பிளாஸ்டிக் ஒட்டகமும்.
டிரூடி பதிவேடுகளை இறக்கித் தந்தாள்.
கிட்டல்சன் இல்லை.
'கி' எழுத்தில் யாருமே இல்லை.
"காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள்" என்றாள்,
"அதுவும் குடித்தவன் சொன்ன பெயர்."

கெட்டில்சன், ஓர்வின். வயது முப்பத்தொன்பது.
குடித்துவிட்டுச் சாலையோரம் தூங்கியது.
உள்ளே: இரவு 11.40.
உடைமை: பேனாக்கத்தி, அறுபத்தொரு சென்ட்,
இடது கையுறை ஒன்று.
மோதிரம்: கழற்ற வரவில்லை.

கம்பி எண்ணுவது என்கிறோம்.
நான் எண்ணினேன்.
ஒன்பது.
பத்தாவது இருந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.
இங்கே அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது
அங்கே அவர் கிடங்கைக் கொளுத்திக்கொண்டிருந்தார்,
நாற்பது வருடமாக.

அடுத்த பத்தியைப் பார்க்காமல் மூடியிருக்கலாம்.
வெளியே: காலை 6.10.
அழைத்துச் சென்றவர்: மனைவி.
கீழே அம்மாவின் கையெழுத்து,
பள்ளிக்கூடத்து எழுத்து, வாலெல்லாம் சுழித்து,
மளிகைப் பட்டியலில் இருப்பதுபோலவே தெளிவாக.

பனியில் அறுபத்தெட்டு மைல் ஓட்டி வந்திருக்கிறாள்.
திரும்பும்போது பேசினார்களா?
எந்த வளைவில் புகை தெரிந்தது?
குடிகாரன் பெண்டாட்டி என்பதை விட
கொளுத்தினவன் பெண்டாட்டி பரவாயில்லை என்று
அவள் ஒருபோதும் நினைத்திருக்கமாட்டாள்.
முதலில் ஒரு பொய், ஒரு காலைக்கு மட்டும்.
அப்புறம் அதைத் திரும்ப எடுக்க
வழி தெரியவில்லை.
அவரும் வாய் திறக்கவில்லை.
தட்டை ஏந்திக்கொண்டே நடந்தார்.

நகல் ஒன்றுக்கு இருபத்தைந்து சென்ட்.
முத்திரை வேண்டுமென்றால் இரண்டு டாலர் அதிகம்.
முத்திரை வேண்டும் என்றேன்.
யாரிடம் காட்ட? கிடங்கு இருந்த இடத்தில் இப்போது புல்.
முதலில் பேசியவர்கள்
பாதிப்பேர் மண்ணில்,
மீதிப்பேர் முதியோர் இல்லத்தில் பிள்ளைகளின் பெயரைத் தேடுகிறார்கள்.

டிரூடி விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தாள்.
"நோக்கம் என்ற கட்டத்தை விட்டுவிட்டாய், ஆர்லிஸ்.
காலியாக வாங்கமாட்டேன்."

மணி நான்காக ஆறு நிமிடம்.
சங்கிலியில் கட்டிய பேனாவை இழுத்து
எழுதினேன்:
அன்றிரவு அவர் வீட்டில் இல்லை.