இருபது லீற்றர்

விடிய நாலரை.
கரையோரத்து முதல் ரயில் இன்னும் போகவில்லை.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
நானும் அதுவும்.

அதற்கு நான் பெயர் சொல்வதில்லை.
உடுப்புக் காயப்போட வந்த றிஸ்மியா ஒருநாள்
"இது என்ன, செவ்வந்தியா?" என்றாள்.
ஓம் என்றேன்.
பூக்காத செவ்வந்தி என் நெஞ்சளவு வந்தபோது
அவள் மறுபடி கேட்கவில்லை.

யோகட் கோப்பையில் தொடங்கியது.
பிறகு ஐஸ்கிறீம் டப்பா.
காலையில் ஊற்றுகிற தண்ணீரை
மத்தியானத்துக்குள் குடித்துவிட்டு
விரல்களைத் தொங்கப்போட்டு நிற்கும்,
வாடகை கேட்க வந்தவன்போல.

நானும் அப்படித்தான் வந்தேன்.
கொட்டாஞ்சேனையில் நாலு பேருக்கு இரண்டு பாய்,
தெஹிவளையில் ஜன்னலில்லாத அனெக்ஸ்,
இப்போது வெள்ளவத்தையில் நாலாம் மாடி,
மேலே வானம் இலவசம்.
ஒவ்வொரு முகவரிக்கும் பொலிசில் ஒரு படிவம்.
"வசிப்போர்" என்ற கட்டத்தில் ஒரு பெயர்.
"வந்த காரணம்" என்ற கட்டத்தில்
வேலை, வேலை, வேலை.
பொட்டலத்தின் மடிப்பில் மிஞ்சிய ஒற்றை விதைக்கு
என்ன காரணம் எழுதுவது?

வெள்ளையடித்தவர்கள் விட்டுப்போன பெயின்ட் வாளி.
ஆணியைச் சுட்டு அடியில் ஏழு துளை போட்டேன்.
எட்டாவதில் கை சுட்டது, ஏழு போதும்.
மண்ணை இந்த ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.
மூட்டையைத் தோளில் ஏற்றி வந்தபோது
காவலாளி சுமணசிறி, பூவா என்று சிங்களத்தில் கேட்டார்.
பூதான் என்றேன்.
நாலு மாடியும் அந்தச் சொல் மூட்டையைவிடக் கனத்தது.

தண்டை இரு விரலுக்கிடையில் பிடித்து
டப்பாவைக் கவிழ்த்து ஒரு தட்டு.
அசையவில்லை.
இன்னொரு தட்டு. பக்கத்து பிளாட்டில் நாய் குரைத்தது.
மூச்சை அடக்கிக்கொண்டு
கத்தரிக்கோலால் டப்பாவின் வயிற்றைக் கிழித்தேன்.

மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை.
வேர் வேரையே சுற்றிச் சுற்றி
டப்பாவாகவே ஆகிவிட்டிருந்தது.
அடியில், தலைகீழாக, வனிலா என்ற எழுத்தின் மேடுபள்ளம்கூட
வெள்ளை வெளேரென்று.

ஒரு வேர் மட்டும் அந்த வேலையில் சேரவில்லை.
துளைவழி இறங்கி
சீமெந்துத் தளத்தின் வெடிப்புக்குள் போயிருந்தது.
இழுத்தேன், வந்தது,
வந்துகொண்டே இருந்தது.
ஒரு முழம். பிறகும் கொஞ்சம்.

அப்போதுதான் விளங்கியது.
கீழே அமிர்தகௌரி அன்ரியின் படுக்கையறை.
ஆறு மாதமாகக் கூரை ஒழுகுகிறது.
குழாய்க்காரன் தாங்கியைக் குற்றம் சொன்னான்,
தார் பூசினார்கள்,
கூட்டம் வைத்து வீட்டுக்கு ஆயிரத்தைந்நூறு பிரித்தார்கள்.
கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.
"யார் செய்த பாவமோ" என்று அன்ரி சொன்னபோது
நான் தலையாட்டியும் இருக்கிறேன்.

வேரின் முடிச்சை விரலால் தளர்த்தினேன்.
சில அறுந்தன; சத்தம் இல்லாமல் அறுந்தன.
வாளியில் இறக்கி, சுற்றிலும் மண் நிரப்பி,
உள்ளங்கையால் அமர்த்தினேன்,
காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுகிற அளவுக்கு.
கடைசியாக வெடிப்புக்குள் கொஞ்சம் சீமெந்து.
ரயில் அப்போது போனது.

பத்து மணிக்குப் புறக்கோட்டையில்
மின்விசிறிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை மூன்று தரம் பிழைத்தது.
இடம் மாறிய உடனே வெயில் படக்கூடாது,
இதை நான் விடியவே யோசித்திருக்க வேண்டும்.

பின்னேரம் ஓடி ஏறினேன்.
தாங்கிக்கும் மதிலுக்கும் இடையில்
கொடி இல்லாத இடத்தில் புதிதாய் ஒரு கொடி.
அதில் பெரிய ஊதாப் படுக்கைவிரிப்பு,
எப்போதோ காய்ந்து மொரமொரத்து.
தெருப்பக்கமும் தெரியவில்லை, வெயிலும் விழவில்லை.
பின்னால் அது
இலை சோர்ந்து, உயிரோடு.

அடுத்த நாளும் அதே விரிப்பு.
மாடிப்படியில் றிஸ்மியாவைக் கண்டேன்.
"மழை வரும் போல" என்றாள்.
வானம் வெறுமையாக இருந்தது.
ஓம் என்றேன்.

மூன்றாம் நாள் விரிப்பு இல்லை.
இலைகள் நிமிர்ந்து நின்றன.
வாளியின் விளிம்பில் ஒரு நீலக் கிளிப்,
மறந்ததா, விட்டதா தெரியவில்லை.
திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றுதான்
சட்டைப்பையில் போட்டேன்.

அமிர்தகௌரி அன்ரியிடம்
ஒழுக்கு நின்றுவிட்டதா என்று
இன்னும் கேட்கவில்லை.